ஒவ்வொன்றாக நின்ற தறிகள்

கூடைக்கு மூடி வேண்டும் என்று சொன்னவள் கவிதாதான்.

திருத்தணியில், மலைக்குப் போகும் சாலையை ஒட்டிய அவர்கள் வீட்டின் முன்னறைதான் அலுவலகம். வாசலில் 'ஏரிவழிப் பயணம்' என்று ஒரு பலகை. ஊர்க்காரர்களோடு பேசி ஏற்பாடு செய்வது கவிதா; வேன் ஓட்டுவது கணவன் குமரேசன்; ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தினரோடு நடந்துபோவது கல்லூரியில் படிக்கும் மகள் சுசித்ரா. சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்களை ஆர்.கே.பேட்டைக்கு அப்பால், ஆந்திர எல்லையோரம் இருக்கும் வடகரைப்பேட்டைக்குக் கூட்டிப்போவார்கள். ஏரியைப் பார்ப்பது, நெசவுத் தெருவில் ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். ஒரு தடவைக்கு எட்டுப் பேருக்கு மேல் கிடையாது.

நாலு வருடமாக ஊரில் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் இது நடந்துவந்ததற்குக் காரணம் அவர்கள் வைத்திருந்த கட்டுப்பாடுகள். வேன் ஊருக்குள் நுழையாது. சாப்பாடு போடும் வீடு வாராவாரம் மாறும். வழிகாட்டியும் அப்படித்தான், ஒருவரே எப்போதும் போனால் மற்றவர்கள் வயிறெரிவார்கள் என்று ஆறு பேருக்கு முறை பிரித்திருந்தாள். பிறகு அந்தக் கூடை. குளிக்கிற பெண்களையும் தறியில் வேலை செய்கிறவர்களையும் கேட்காமல் படம் எடுத்துவிடுகிறார்கள் என்று ஒரு பேச்சு வந்ததும், ஊருக்குள் கால் வைக்கும்போதே எல்லோருடைய கைப்பேசியையும் கூடையில் போட்டு மூடி, துணியால் முடிச்சிட்டு, அன்றைக்குச் சாப்பாடு போடும் வீட்டில் வைத்துவிடுவது என்று ஆனது. "உங்க ஆளுங்க மட்டும் வெச்சிக்கலாமா?" என்று ஊர் கேட்டது. நியாயமான கேள்வி. அன்றிலிருந்து வழிகாட்டியின் போனும் சுசித்ராவின் போனும் கூடைக்குள் போயின.

மார்கழி முதல் ஞாயிறு. திருத்தணியில் வெயில் சுள்ளென்று அடித்தது. குமரேசன் விருந்தினரை ஊர் எல்லையில் இறக்கிவிட்டு, முந்தின நாள் வந்தவர்களை ரயிலேற்ற அரக்கோணம் போயிருந்தான். பத்து நாற்பதுக்குக் கவிதாவின் போன் அடித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், மேல் ஏரி இருக்கும் ஊரில் வாழ்க்கைப்பட்ட அவள் அக்காவின் புருஷன், தீனதயாளன்.

"இன்னா கவிதா, உங்க பட்டணத்து ஜனத்துக்கு இன்னிக்கு நல்ல வேடிக்கை. உங்க ஏரி நெரம்பப் போவுது."

"எப்படி பாவா? இங்க வானம் துடைச்சி வெச்சாப்பல கீது."

"ராத்திரி மலை மேல ஒரே ஊத்து. எங்க ஏரி கரை கசிஞ்சிகினு இருந்துது. கலங்கல்ல மூட்டையெல்லாம் எடுத்துட்டோம்."

கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறக் கட்டிய தாழ்ந்த கல்சுவர். இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கலாமே என்ற ஆசையில் அதன் மேல் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். இரண்டடி உயர்த்தினால் ஏரி முழுக்க இரண்டடித் தண்ணீர் கூடும். ஆனால் கரை தாங்காது என்று தெரிந்த நிமிடம் மூட்டைகளை எடுத்தாக வேண்டும். அப்போது அந்த இரண்டடியும் மொத்தமாகக் கிளம்பும். கிளம்பினால் அதற்கு ஒரே வழி, கீழே வடகரைப்பேட்டை ஏரிக்குப் போகும் கால்வாய்.

"எப்ப எடுத்தீங்க?"

"பத்தேகால் இருக்கும். ஏன், குரல் ஒருமாதிரி கீது?"

கவிதா சுவரைப் பார்த்தாள். வழிகாட்டிகளுக்காக அவளே எழுதி ஒட்டியிருந்த தாள் அங்கே இருந்தது. சித்திரையில் எழுதியது. 'தெரு முனையிலிருந்து கால்வாய் மணல் வழியாகக் கல் அணை வரை. போக அரை மணி. அணையில் விளக்கம். திரும்ப அதே வழி.'

கால்வாய் வழி அழகான வழி. பத்து மாதம் உலர்ந்த மணல்; இருபுறமும் இரண்டாள் உயரத்துக்கு வெட்டிய கரை; அதன் மேல் வேலிகாத்தான் முள் அடர்ந்து கூரை போல நிழல் தரும். மேலே ஏறிவர மாடுகள் இறங்கும் சரிவு ஒன்றுதான். அது தெரு முனையில் இருக்கிறது.

அவள் மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டது. மேல் ஏரியிலிருந்து கல் அணைக்கு ஐந்து கிலோமீட்டர். காய்ந்த மணலாக இருந்தால் முதல் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தாமதப்படுத்தும். போன வாரம்தான் மழை பெய்திருந்தது. மணல் ஈரம். குடிக்காது. ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் பதினொன்றேகால். பத்தேகாலுக்குக் கிளம்பிய பத்துப் பேரும் இப்போது அணையை நெருங்கியிருப்பார்கள். தண்ணீரை நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள்.

சுசித்ராவை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இன்றைய வழிகாட்டி நவீன்குமாரை அழைத்தாள். அதுவும் அடித்து ஓய்ந்தது. இரண்டு போனும் ஒரே கூடையில், இன்று சாப்பாடு போடும் பூவம்மாள் வீட்டு உள்ளறையில் அடித்துக்கொண்டிருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் நாலு விசைத்தறிகள். தெரு முழுக்க நாற்பதுக்கு மேல். அந்த இரைச்சலில் எந்த மணியும் காதில் விழாது; பூவம்மாளோடு பேச வேண்டுமென்றால் அவளே வாசலுக்கு வந்தால்தான் உண்டு.

ஊரின் நீர்க்கட்டி பஞ்சாட்சரம். மதகைத் திறப்பதும் அடைப்பதும் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பதும் அவர் வேலை. வழிகாட்டிகளில் அவரும் ஒருவர். பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான் போவார்; நேற்றும் அவர் முறை. கவிதா அவரை அழைத்தாள். எடுத்ததுமே பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"அரக்கோணத்துல கல்யாணம்மா. ஊர்ல பாதி ஆம்பளைங்க இங்கதான் கீறோம். மேல் ஏரி சேதி வந்துட்சி, நானும் சொல்ட்டேன், மாடு கண்ணை ஓட்டிக்கிங்கன்னு. நம்ம ஜனம் யாரும் கால்வாய்ல இல்ல."

"நம்ம விருந்தாளிங்க இருக்காங்கண்ணா. சுசித்ரா இருக்குது."

நாதஸ்வரம் தூரப் போனது; அவர் வெளியே வந்துவிட்டார்.

"கால்வாய்ல இன்னாத்துக்கு? மழை மாசத்துல நான் முள்ளுக்கு அந்தாண்ட, கரை மேலதானே கூட்டிகினு போவேன்."

"நீங்க சொல்லவே இல்லியே."

"அது இன்னாத்த சொல்றது? மழை மாசத்துல எவன் கால்வாய்ல எறங்குவான்?"

நவீன்குமார் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அவனுக்குத் தண்ணீரின் போக்கு தெரியாது. தாளில் இருந்தது தெரியும். ஐப்பசிக்குப் பிறகு இன்றுதான் அவனுக்கு முறை வந்திருந்தது.

"தெருவுல யார் இருக்காங்கண்ணா, ஓடிப்போய்ச் சொல்ல?"

"பொம்பளைங்கதான். மணல்ல ஒரு கிலோமீட்டர் ஓடணும். கெங்கம்மா கடை நம்பர் தரேன். ஆனா அது முட்டி வலிக்காரிமா."

அப்போதுதான் கவிதாவுக்கு ஐப்பசி ஞாபகம் வந்தது.

தறிச் சத்தம் ஒரு கிலோமீட்டர் வரை கேட்கும். அந்தத் தெருவில் பிறந்தவர்கள் அதைக் காதால் கேட்பதில்லை, மூச்சு மாதிரி அது பாட்டுக்கு இருக்கும். நின்றால்தான் தெரியும். எப்படி நிற்கிறது என்பதிலும் சேதி இருந்தது. மின்சாரம் போனால் நாற்பது தறியும் ஒரே நொடியில் நிற்கும். யாரும் அசைய மாட்டார்கள். தெருவில் சாவு விழுந்தால் அப்படியில்லை. அந்த வீட்டுத் தறி முதலில் நிற்கும். பிறகு பக்கத்து வீடு, எதிர்வீடு என்று செய்தி நடந்து போகிற வேகத்தில் ஒவ்வொன்றாக நிற்கும். அதைக் கேட்ட தெருக்காரன் எங்கே இருந்தாலும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவான். ஐப்பசியில் ஒரு பெரியவர் இறந்தபோது நவீன்குமார் அணை மேல் நின்று பேசிக்கொண்டிருந்தவன் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டுத் திரும்பி ஓடியதைச் சுசித்ரா வந்து சொல்லியிருந்தாள்.

கெங்கம்மாள் போனை எடுத்ததும் கவிதா ஒரே மூச்சில் சொன்னாள்.

"பொய்யா நிறுத்தறதா?" கெங்கம்மாளின் குரல் இறங்கியது. "இன்னாமா பேசற நீ? சாவு இல்லாம அப்படித் தறிய நிறுத்தக் கூடாது. நிறுத்தினா அது வந்து சேரும்."

"பத்து உசிரு, அக்கா. சுசித்ராவைத் தெரியுமில்ல உனக்கு?"

"தெரியாமயா. என் கடையில முறுக்கு வாங்காம போவாது." கல்லாப்பெட்டியை மூடும் சத்தம். "யாரு வூட்டு சாவுன்னு கேப்பாங்க. பேர் சொல்லாம ஒருத்தரும் நிறுத்த மாட்டாங்க. இன்னான்னு சொல்றது?"

"எங்க வூட்டுதுன்னு சொல்லு."

"வாயால சொல்லாதமா."

"நேரமில்லக்கா. எங்க வூட்டுதுன்னு சொல்லு. போனை வெச்சிடாத, கையிலயே வெச்சிகினு போ."

செருப்புத் தேயும் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம். பிறகு தறிகளின் இரைச்சல் போனை நிறைத்தது. கெங்கம்மாள் ஏதோ கத்திச் சொன்னாள், ஒன்றும் விளங்கவில்லை. அந்த இரைச்சலிலிருந்து ஒரு இழை உருவப்பட்டது போல் ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கவிதா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஆறாவது வீட்டுக்குப் பிறகு, மிச்சமிருந்த தறிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. கடைசியில் ஒரு தறி மட்டும் ஓடியது. அதுவும் நின்றது.

அந்த அமைதிக்குள் ஒரு காகம் கத்தியது. எங்கிருந்தோ ஒரு கைப்பேசி சினிமாப் பாட்டுப் பாடியது.

"கூடையில இருந்து பாடுதும்மா," என்று பூவம்மாளின் குரல் தூரத்தில் கேட்டது. "காலையில இருந்து பாடிகினுதான் இருந்துதோ இன்னாவோ."

பதினொன்று ஐந்து. மணலில் ஓடி வந்த மூச்சோடு ஒரு குரல்: "யாரு? யாரு வூட்ல?"

"நவீன்," என்று கவிதா போனுக்குள் கத்தினாள். கெங்கம்மாள் போனை அவன் காதில் வைத்தாள். "மத்தவங்க எங்க?"

"பின்னாடி வராங்கக்கா. சுசித்ரா கூட்டிகினு வருது. எனக்கு மனசு தாங்கல, முன்னாடி ஓடியாந்துட்டேன்."

"எப்படி வராங்க?"

"கால்வாய்லதான்."

"மேல் ஏரி திறந்துட்டாங்கடா."

போன் கை மாறியது. "திரும்பி ஓடறான்மா," என்றாள் கெங்கம்மாள்.

பிறகு பத்து நிமிடம், கெங்கம்மாள் சொல்வது தவிரக் கவிதாவுக்கு எதுவும் தெரியவில்லை. கெங்கம்மாள் சரிவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னாள். நவீன் கீழே இறங்கிவிட்டான். வளைவில் யாரையும் காணோம். கொக்குகள் எல்லாம் மேலே கிளம்புகின்றன. ஒரு சத்தம் கேட்கிறது, லாரி மாதிரி. இப்போது தெரிகிறார்கள். ஒரு கண்ணாடிக்கார அம்மாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறார்கள், வேகமாக நடக்க முடியவில்லை. நாலு பேர் ஏறிவிட்டார்கள். ஏழு. பின்னால் மணல் மேல் நுரையும் குப்பையுமாகப் பாய் விரித்தாற்போல் வருகிறது, அதற்குப் பின்னால்...

"அதுக்குப் பின்னால இன்னாக்கா?"

லாரிச் சத்தம் இப்போது கவிதாவுக்கே கேட்டது.

"மா," என்றது சுசித்ராவின் குரல். அழுதுகொண்டிருந்தது. "மேல வந்துட்டோம்மா. எல்லாரும். கடைசியா நான்தான். முட்டி வரைக்கும் வந்துட்சி."

குமரேசனும் கவிதாவும் போய்ச் சேர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. அன்று முதல்தடவையாக வேன் தெருவுக்குள் நுழைந்தது. கால்வாயில் கரை தொட்டுச் செந்நீர் போய்க்கொண்டிருந்தது; ஒரு முழு வேலமரம் வேரோடு புரண்டு போனது. கல்யாணத்திலிருந்து திரும்பியவர்கள் கரையில் நின்று, ஏரி எத்தனை நாளில் நிரம்பும் என்று பந்தயம் பேசிக்கொண்டிருந்தார்கள். விருந்தினர் எட்டுப் பேரும் பூவம்மாள் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் சத்தமே இல்லை.

"சோறு போட்டுட்டோம்மா," என்றாள் பூவம்மாள். "பசியோட அனுப்பக் கூடாதில்ல."

"தறி இன்னும் ஓடலியே?"

பூவம்மாள் கெங்கம்மாளைப் பார்த்தாள். கெங்கம்மாள்தான் சொன்னாள். "சாவு விழுந்தா, எல்லாம் முடிஞ்சப்புறம் அந்த வூட்டுத் தறிதான் மொதல்ல ஓடணும். அப்புறம்தான் தெரு ஓடும். இன்னிக்கு எந்த வூட்டுதுன்னு ஆரம்பிக்கறது? எவளும் கைவெக்க மாட்டேங்கறா."

"நான் போட்டுடறேன்கா," என்றான் குமரேசன். "ஒரு சுவிட்சுதானே."

"நிறுத்தச் சொன்னது நீ இல்லியே."

"நைனா, இதெல்லாம் சும்மா..." என்று தொடங்கிய சுசித்ரா அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

விருந்தினருக்குக் கொடுக்கும் தாளில் முதல் வரியாகக் கவிதா அச்சிட்டிருந்தது: 'ஊர் வழக்கமே நம் வழக்கம்.' அதை இந்தத் தெருவில் உட்கார்ந்துதான் எழுதினாள். இன்றைக்கு இந்த வழக்கம்தான் பத்துப் பேரை மேலே ஏற்றியிருக்கிறது. ஏற்றிவிட்ட பிறகு அது வெறும் சுவிட்சு என்று எப்படிச் சொல்வது?

அவள் பூவம்மாள் வீட்டு முதல் தறியருகே போனாள். சுவரில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள்.

"யாரு வூட்டுதுன்னு சொல்லிட்டுப் போடணும்," என்றாள் கெங்கம்மாள், மெதுவாக, கிட்டத்தட்டக் கெஞ்சுவது போல.

"எங்க வூட்டுது."

பச்சையை அழுத்தினாள். மோட்டார் முனகிப் பட்டை இழுத்தது. ஊடை நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அடிக்கத் தொடங்கியது. சற்று நேரத்தில் எதிர்வீட்டில் ஒரு தறி சேர்ந்துகொண்டது. பிறகு அதற்கடுத்த வீடு. செய்தி நடக்கும் வேகத்தில் தெரு மறுபடியும் இரையத் தொடங்கியது.

வாசலில் சுசித்ரா கூடையின் முடிச்சை அவிழ்த்து ஒவ்வொருவர் போனாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கால்களில் முழங்கால் வரை செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. கெங்கம்மாள் ஒரு காகிதத்தில் முறுக்கைச் சுற்றிக்கொண்டு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமலேயே கையில் திணித்துவிட்டுப் போனாள்.