பார்த்துவிட்டு எடுக்காத பெட்டி

தாராபுரத்தில் இணையதளம் எதையாவது திறந்தால் அங்கிருந்து ஓர் ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார். வாசலில் நின்று, "எல்லாத்துக்கும் சம்மதமுங்களா, இல்ல பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லட்டுங்களா?" என்று கேட்பார். பிரித்துச் சொல்லச் சொன்னவர்களும் ஊரில் உண்டு. காலையில் ஆரம்பித்தால் சோற்று நேரம் தாண்டியும் சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் "சரி சரி, உள்ள வாங்க" என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். வந்தவர் ஒரு மூலை பார்த்து உட்கார்ந்துகொள்வார். நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள், வாங்கினீர்களா, பாதியில் விட்டீர்களா என்று கவனிப்பார். எழுதி வைப்பதெல்லாம் கிடையாது. மனப்பாடம். சோறு கேட்க மாட்டார். தொந்தரவு இல்லை.

சென்னியப்பன் வீட்டிலும் ஒரு கூட்டம் இருந்தது. அவர் பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பேசுகிறவர்களையும் பிடிக்காது. பேங்க் ஆளை மட்டும் அவருக்குப் பிடிக்கும். வேலை முடிந்து மூடியதும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அடுத்த தடவை வரும்போது, "நீங்க யாருங்க?" என்று புதிதாகக் கேட்பார். மற்றவர்கள் போகிற ரகம் இல்லை. பஸ் நேரம் பார்த்த தளத்து ஆள் மாடிப்படிக்குக் கீழே. மூட்டுவலித் தைலத்து ஆள் மோட்டார் ரூமில். செய்தித்தாள் தளத்தைத் திறந்தபோது சம்மதம் கேட்டது ஒருவர்தான். அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஒரு கும்பல் உள்ளே நுழைந்தது.

"இவங்கல்லாம் யாரு?" என்றார் சென்னியப்பன்.

"நம்மகூட வந்தவங்கதானுங்க." செய்தித்தாள் ஆளுக்கே அவர்கள் பெயர் தெரியவில்லை.

அந்தக் கும்பலில் ஒருவர் வழுக்கைத் தலைக்காரர். அவர் மட்டும் உட்கார்வதில்லை. சென்னியப்பன் போகிற இடமெல்லாம் ஓரடி தள்ளிப் பின்னாலேயே வருவார். குளியலறை வாசலில் நின்றுகொள்வார். சென்னியப்பன் இருமினால் தானும் மெதுவாக இருமிப் பார்ப்பார்.

வீட்டில் நாற்காலி கொடுக்கப்பட்டிருந்தது வரன் பார்க்கும் தளத்து ஆளுக்குத்தான். சென்னியப்பனின் ஒரே மகள் சிவரஞ்சனி மாட்டு டாக்டர். வந்த வரன்கள் எல்லாம், பெண் வீட்டுக்குள் வந்தால் மாடு வாசம் அடிக்கும் என்று சொல்லிப் போய்விட்டன. இப்போது காங்கயத்து வரன் ஒன்று நின்றிருந்தது. பையனை நேரில் பார்த்ததில்லை. போனில்தான் பழக்கம், அதுவும் ஆறு மாதமாக. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். இது தவறினால் இனி யாரையும் பார்க்க மாட்டேன் என்று சிவரஞ்சனி சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அப்பனைக் கொண்டு பிறந்தவள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு ராமலிங்கத்தின் தகப்பனார் தவறிவிட்டார். ராமலிங்கம் அழுதுகொண்டே ஓடிவந்து, "ஏனுங்ணா, ஒரு ஐஸ்பெட்டிக்குச் சொல்லி விடுங்க" என்றார். பிணம் வைக்கிற பெட்டி, கண்ணாடி மூடி போட்டது. சென்னியப்பன் போனில் தேடினார். பெட்டிகள் வரிசையாக வந்தன. சக்கரம் வைத்தது, வைக்காதது, உள்ளே விளக்கு எரிவது. நின்று நிதானமாகத்தான் பார்த்தார். விளக்கு எரிவதைத் தொட்டு, பெயர் போடப்போகும் நேரத்தில் ராமலிங்கம் திரும்பி வந்து, "வேண்டாங்ணா, மச்சான் ஏற்பாடு பண்ணிட்டான்" என்றார். சென்னியப்பன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துக்கத்துக்குப் போனார்.

திரும்பி வந்தபோது வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கைகட்டி நின்றிருந்தார். ஐஸ்பெட்டித் தளத்து ஆள்.

"பாத்தீங்க, எடுக்கலை. அதான் வந்தேனுங்க."

"அது எதிர்வீட்டுக்கு."

"பாத்தது இந்த வீட்ல இருந்துங்க."

"அவங்களுக்கு வேற பெட்டி வந்திருச்சு."

"அப்ப அவங்க தேவை முடிஞ்சுதுங்க. உங்க தேவை நிக்குது."

சென்னியப்பன் யோசித்தார். இதில் எங்கேயோ இடிக்கிறது. எங்கே என்று பிடிபடவில்லை. "சரி சரி, உள்ள வாங்க" என்றார்.

ஐஸ்பெட்டி ஆள் நல்ல மாதிரி. நுனிக்காலில் நடந்தார். டிவி சத்தத்தை அவரே குறைத்துவைத்தார். சாயங்காலம் மற்ற ஆட்களோடு போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் பேசிக்கொள்வது சகஜம்தான். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் உள்ள ஒழுங்கு.

விடிந்தால் பந்தல்காரர் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார். சங்கு ஊதுகிறவர் வந்து, சங்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பேனர் அடிப்பவர் நேராக உள்ளே வந்தார்.

"கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு போட்டோ குடுங்க."

"யாரு போட்டோ?" என்றார் சென்னியப்பன்.

"அதை நீங்கதானுங்க சொல்லணும். எங்களுக்குத் துக்கம் வரைக்குந்தான் தெரியும்."

"இங்க துக்கமே இல்லைய்யா."

"மொதல்ல அப்படித்தானுங்க தோணும். எல்லா வீட்லயும் இதையேதான் சொல்லுவாங்க. மார்பளவு போட்டோ இருந்தா நல்லா விழும்."

சென்னியப்பனின் மனைவி பாப்பாத்தி சமையலறையிலிருந்து வந்தாள். "ஏனுங்க, நம்ம வீட்ல யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லை."

"அப்புறம் ஏன் என்னையப் பாத்து எல்லாரும் உச்சுக் கொட்றாங்க?"

"என்னையப் பாத்தும்தான் கொட்றாங்க."

பாப்பாத்தி அறைக்குள் போய், தூங்கிக்கொண்டிருந்த மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து சொன்னாள். அப்புறம் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீயா, நானா என்பது இருவருக்கும் விளங்கவில்லை.

எல்லோரையும் ஒரே அடியாகப் போகச் சொல்ல வழி இருக்கிறது. வாசலில் நின்று கை தட்டி, "மொத்தப் பேரும் கெளம்புங்க" என்றால் போதும். போய்விடுவார்கள். தெரிந்ததையெல்லாம் மறந்தும் விடுவார்கள். சென்னியப்பன் வாசலுக்குப் போய்க் கையைத் தூக்கினார். முதலில் எழுந்தது வரன் தளத்து ஆள். நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார்.

"உன்னையச் சொல்லலை. நீ உக்காருய்யா."

"மொத்தப் பேரும்னா மொத்தப் பேருந்தானுங்க. நான் போயிட்டா காங்கயத்துக்காரங்களுக்கு உங்க வீடு எந்தத் தெருன்னே தெரியாது. பாப்பாவுக்குப் பேர்ல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும். உயரம், நெறம், நட்சத்திரம், பிடிச்ச பலகாரம்..."

"அப்பா!" என்று உள்ளேயிருந்து சிவரஞ்சனியின் குரல் வந்தது. ஒரே ஒரு சொல்.

சென்னியப்பன் தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். "ஒருத்தரை மட்டும் போகச் சொல்ல வழி இல்லையா?"

"இருக்குதுங்க. எங்க இருக்குதுன்னுதான் தெரியலை."

மற்ற ஆட்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வழுக்கைத் தலைக்காரரும் தன் தலையைச் சொறிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை வரன் தளத்து ஆள் காங்கயம் போய்விட்டு வந்தார். முகம் சரியில்லை.

"துக்கத்தைப் பத்திச் சொல்லிட்டியா?" என்றார் சென்னியப்பன்.

"தெரிஞ்சதைச் சொல்றதுதானுங்களே வேலை."

"என்ன சொன்னாங்க?"

காங்கயத்துக்காரர்கள் நியாயமாகத்தான் சொல்லியிருந்தார்கள். துக்கம் நடந்து முடிந்திருந்தால் பரவாயில்லை, வருகிறோம். யாருக்கென்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கிற துக்கம் உள்ள வீட்டில் கை நனைக்க மாட்டோம். கை நனைப்பதென்றால் சாப்பிடுவது. பெண் பிடித்தால் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். சாப்பிடாமல் எழுந்தால் சம்பந்தம் இல்லை. அவ்வளவுதான்.

சிவரஞ்சனி கேட்டுக்கொண்டு நின்றாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். போகும்போது கேட்டைச் சாத்தவில்லை. அவள் அப்படிப் போகிற பெண் இல்லை.

சென்னியப்பன் ஐஸ்பெட்டி ஆளிடம் போனார். "பெட்டியை எடுத்துட்டா நீ போயிருவியா?"

"அந்த நிமிஷமே போயிருவேனுங்க."

"கொண்டா."

பெட்டி வந்தது. விளக்கு எரிகிற பெட்டி. கூடத்தில் வைத்து ஒயரைச் சொருகினார்கள். உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஐஸ்பெட்டி ஆள் மட்டும் அசையவில்லை.

"இன்னும் என்ன?"

"வெறும் பெட்டி ஓடக் கூடாதுங்க. மோட்டார் போயிரும்."

அதுவும் சரிதான். ஆட்டுக்கல் மெஷினைக்கூட மாவு போடாமல் ஓட்டுவதில்லை. சென்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெண் வேண்டும். சமைக்கப் பாப்பாத்தி வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? போய்ச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

"மப்ளர் கட்டிக்கங்க" என்றாள் பாப்பாத்தி. "உங்களுக்குக் குளிர் ஒத்துக்காது."

மப்ளர் கட்டிக்கொண்டு ஏறிப் படுத்தார். மூடி விழுந்தது. ஐஸ்பெட்டி ஆள் காலடியில் குனிந்து கும்பிட்டார், செருப்பை மாட்டினார், போய்விட்டார். சொன்ன சொல் மாறவில்லை. பேனர்காரர் கண்ணாடிக்கு மேலாகவே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். சங்கு ஊதுகிறவர் ஒரு முறை ஊதிவிட்டுக் கிளம்பினார். கல்யாணத்துக்கும் இதே பந்தல் ஆகும் என்று பந்தல்காரர் பிரிக்காமல் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காங்கயத்து வேன் வந்து நின்றது. பெண்கள் முதலில் இறங்கி, வாசலில் வட்டமாக நின்று, தோளில் கை போட்டு அளவாக அழுதார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். பூவைச் சரிசெய்துகொண்டு பழத்தட்டுகளை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தெய்வசிகாமணி, மாலை ஒன்றைப் பெட்டி மேல் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வாங்க என்று சொல்ல ஆம்பிளை யாரும் இல்லை.

"வாங்க, வாங்க" என்றார் சென்னியப்பன். கண்ணாடிக்குள்ளேயே பனி படிந்தது. வெளியே கேட்கவில்லை.

வந்தவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒருத்தி வாசல் பக்கம் திரும்பினாள். சென்னியப்பன் கண்ணாடியைத் தட்டினார். மாலை வழுக்கி அந்த இடத்தை மறைத்தது.

அப்போது வழுக்கைத் தலைக்காரர் உள் அறையிலிருந்து வந்தார். சென்னியப்பனின் கோடுபோட்ட சட்டையைப் போட்டிருந்தார். சென்னியப்பனின் நாற்காலியில், சென்னியப்பன் மாதிரியே ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார்.

"வாங்க. உக்காருங்க. பேச்சு அப்புறம், மொதல்ல தண்ணி குடிங்க."

சென்னியப்பன் சொல்லியிருக்கக்கூடியது அதுதான். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"இந்தப் பக்கம் மழையெல்லாம் எப்படிங்க?" என்றார் தெய்வசிகாமணி.

"பேஞ்சா பேயுது."

அதுவும் சரி. பாப்பாத்தி நாற்காலிக்காரருக்குச் சர்க்கரை இல்லாத காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் இரண்டு தடவை ஊதிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தார். தான் காப்பியை ஊதிக் குடிப்பது சென்னியப்பனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாப்பாத்தி நாற்காலிக்காரரின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். அவளிடம் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று சென்னியப்பன் பார்த்தார். தெரியவில்லை. பெட்டியில் இருப்பது யார் என்று ஒரு கணம் அவருக்கே குழப்பமாக இருந்தது. மப்ளரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சிவரஞ்சனி வந்து நின்றாள். பச்சைப் புடவை.

"பையன் எதுங்க?" என்றார் நாற்காலிக்காரர்.

நீலச்சட்டை போட்ட ஒல்லியான ஒருவர் எழுந்தார். "நான் பையன் இல்லைங்க. பையனைக் கவனிச்சிட்டு இருந்தவன்."

"எங்க பையன் தை மாசத்துல யாருக்கோ ஒரு ஐஸ்பெட்டி பாத்தான்" என்றார் தெய்வசிகாமணி. "எடுக்காம விட்டுட்டான். அப்புறம் என்ன, உங்களுக்குத் தெரியாததா? வீட்லதான் இருக்கான். கரண்ட் போகாமப் பாத்துக்க அவங்கம்மா இருக்காங்க. அதான் அவங்க வரலை."

சிவரஞ்சனி நீலச்சட்டைக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னிக்கு மாட்டு வயித்துல கன்னு திரும்பிக் கெடக்குதுன்னு நான் போன்ல அழுதப்ப, மொதல்ல உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்கன்னு சொன்னது யாரு?"

"நானுங்க. அவரு தூங்கிட்டாரு."

"மாடு வாசம் ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னது?"

"அதுவும் நாந்தானுங்க. அவரு கொஞ்சம் யோசிச்சாரு."

"அப்ப இவருதாம்ப்பா" என்று சிவரஞ்சனி நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். நாற்காலிக்காரரின் கண் கலங்கியது. பெட்டிக்குள் சென்னியப்பனுக்கும் கலங்கியது. துடைக்குமுன் உறைந்துவிட்டது.

இலை போட்டார்கள். எல்லோர் கையும் சோற்றில் இறங்கியதைச் சென்னியப்பன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். வெற்றிலை போடும்போது கல்யாணப் பேச்சு ஆரம்பித்தது. காங்கயத்துப் பையன் படுத்திருக்கிற பெட்டியையும் பெண்ணின் அப்பா பெட்டியையும் மண்டபத்துக்குக் கொண்டுவந்து, மேடைக்கு வலப்பக்கம் சேர்த்து வைப்பதென்று முடிவாயிற்று. மாலையும் கழுத்துமாக மணவறையைச் சுற்றுகிறவர்கள் அப்படியே பெட்டிகளையும் சுற்றி வரட்டும் என்றார்கள். எல்லாம் சுமுகமாகப் போனது.

"கரண்ட் போச்சுன்னா?" என்றார் தெய்வசிகாமணி.

"ஜெனரேட்டர் பொண்ணு வீட்டுக்காரங்கதான் போடணும்" என்றாள் காங்கயத்து அத்தை ஒருத்தி. "அதான் எங்க வழக்கம்."

"எங்க பக்கம் மாப்பிள்ளை வீடு" என்றாள் பாப்பாத்தி.

"இந்த ஒண்ணுலயே இப்படின்னா..." அத்தை பாக்கைத் திரும்பத் தட்டில் வைத்தாள். தெய்வசிகாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழப்போனார். சிவரஞ்சனி அப்பாவைப் பார்த்தாள். எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நாற்காலியையும் பார்த்தாள், பெட்டியையும் பார்த்தாள்.

சென்னியப்பன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கி, கண்ணாடியில் வாயை வைத்து, "உக்காருங்க சம்பந்தி, நாங்களே போட்டுக்கறோம்" என்றார். அதே நேரத்தில், அதே குரலில், அதே சலிப்போடு நாற்காலியில் இருந்தவரும் அதையே சொன்னார். வந்தவர்கள் எல்லோரும் நாற்காலி பக்கம் திரும்பித் தலையாட்டினார்கள்.