நீலம் கழித்த வெயில்

1

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இடது கண்மேல் சத்தியம். வலது கண்மேலும் செய்யலாம். ஆனால் இது இடது கண்ணின் கதை. நாற்பது வருடம் ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டவன் நான். ஒருநாள் பழைய சட்டத்தைப் பெயர்க்கும்போது சுண்ணாம்பு தெறித்து அந்தக் கண் வெந்துபோனது. வலது கண்ணின் ஓரத்தில் துளியூண்டு சதையைக் கிள்ளி, தட்டில் வளர்த்து, இடது கண்ணில் ஒட்டுவதாகத் திட்டம். வளர்ப்பது ஒரு ஆய்வுக்கார அம்மாவின் வேலை. அவருக்கு நன்றிக் கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். கடிதம் வரவில்லை. கதை வந்தது.

2

முதல் தொடக்கம்: “கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி…” (அடித்துவிட்டேன். கதிரவன் இதில் வில்லன்.)

இரண்டாவது: தட்டில் இருந்த செல்கள் செத்துப்போயின.

இது போதும்.

“எல்லாம் போச்சுங்க ஐயா,” என்று அவர் அழு— (இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுததாக எழுதினால் கோபித்துக்கொள்வார்.) “இன்னொரு தடவைதான் எடுக்க முடியும். அதுக்கு மேல கை வெச்சா நல்ல கண்ணுக்கும் ஆபத்து.”

“தட்டை எங்க வெச்சிருந்தீங்க?”

“செல் வளர்க்குற பெட்டிக்குள்ளதான். சத்துநீர் மாத்தறப்போ மட்டும் மேசைல.”

“மேசைல வெயில் படுமா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

3

வெயிலில் உள்ள நீலம், செல்கள் மிதக்கும் சத்துநீரைக் கெடுத்து நஞ்சாக்கிவிடும். மஞ்சள் கண்ணாடி அந்த நீலத்தைத் தடுத்துவிடும். (இந்தப் பத்தி மட்டும் அவர் சொன்னது. சந்தேகம் இருந்தால் அவரைக் கேளுங்கள்.)

ஜன்னலை அளந்தேன். மூன்றடிக்கு இரண்டடி. மஞ்சள் கண்ணாடியை அறுத்துப் பொருத்தி, ஓரமெல்லாம் பட்டிப் பசை அப்பினேன். வெயில் தேநீர் நிறத்தில் இறங்கியது. மறுபடி சதை கிள்ளித் தட்டில் வைத்த பதினான்காம் நாள் நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தேன். கூழாங்கல் பாவிய தரைபோல இடைவெளியில்லாமல் செல்கள். அதில் ஒன்று கண் சிமிட்டியது.

“அதெல்லாம் சிமிட்டாதுங்க ஐயா.”

“என் கண்ணு. எனக்குத் தெரியாதா?”

4

செல்களை ஒட்டிக் கட்டுப் பிரித்ததும் இடது கண்ணுக்கு முதலில் தெரிந்தது, அவர் கோட்டில் மாற்றிப் போட்டிருந்த பொத்தான். சொன்னேன். அப்போது அவர்… (இதையும் விட்டுவிடுகிறேன்.)

ஒரே ஒரு குறை. மஞ்சள் வெயிலில் வளர்ந்த கண் என்பதால் அதற்கு எந்நேரமும் சாயங்காலம். காலையில் குளிக்கக் கூப்பிட்டால், “பொழுது சாஞ்சப்புறம் குளிச்சா சளி பிடிக்கும்” என்கிறேன்.

“அந்தக் கண்ணை மூடிக்கிட்டு வந்து குளிங்க,” என்கிறாள் மனைவி.

5

இதுவரை எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன்.

“ஏங்க, உங்களுக்குக் கண்ணு குடுத்தவங்க அவங்க. நீங்க என்னமோ அவங்களுக்கு உதவி பண்ணாப்பல எழுதியிருக்கீங்க?”

“அவ்வளவு பெரிசை வாங்கிட்டு, வெறுங்கையோட வரச் சொல்றியா? எனக்குத் தெரிஞ்ச தொழில் இது ஒண்ணுதானே.”



முடிவு உங்களுடையது. (அ) அந்த மஞ்சள் கண்ணாடி இன்றும் அங்கே யாருடைய கண்ணையோ காத்துக்கொண்டிருக்கிறது. (ஆ) உடைந்துவிட்டது, வேறொன்று போட நான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஒரு தகவல் மட்டும்:

அந்த ஆய்வறைக்கு ஜன்னலே கிடையாது.