பத்து நியான் மீன்களும் ஓர் ஆஸ்கரும்

மாமியார் இறந்தபோது, "அப்பாவுக்குத் துணையா ஒரு மூணு மாசம்" என்று சொல்லித்தான் மனைவி அவரைத் தன் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வந்தாள். நான்கு வருடம் ஆகிவிட்டது. கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்தும் வேலை அவருக்கு. கடையில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். அந்த வீட்டில் அவர் மாப்பிள்ளை, அவ்வளவுதான்.

மாமனார் பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போவை விட்டு வந்தாரே தவிர அட்டவணையை விட்டு வரவில்லை. குளியலறை மாப்பிள்ளைக்கு ஆறு பத்திலிருந்து ஆறு இருபத்தைந்து வரை. டிவியில் செய்தி ஓடும்போது கரண்டிச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. கணவனும் மனைவியும் படுத்தது பழைய சாமான் அறையில். கட்டில் இடிப்பதால் அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும். சட்டையைக் கையை விட்டுத் துழாவித்தான் எடுக்க வேண்டும். "இந்த நீலச் சட்டை ரெண்டு நாளா கிடைக்கலை" என்று அவர் முனகினால், "மெதுவா, அப்பா தூங்கறாரு" என்பாள் மனைவி.

அப்போதுதான் மாமனாரின் நண்பர் ஒருவர் ஊரைக் காலி செய்தபோது நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கூடத்தில் அதை வைத்துவிட்டு மாமனார் சொன்னார்: "மாப்ள, மீனெல்லாம் நீங்களே பாத்து வாங்கிடுங்க."

நான்கு வருடத்தில் அந்த வீட்டில் மாப்பிள்ளை கைக்கு வந்த முதல் முடிவு அது.

மறுநாளே வண்ண மீன் கடைக்குப் போனார். கடைக்காரம்மா முழங்கை வரை ஈரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"தொட்டியில தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சு?"

"நேத்துதான்."

"அப்ப இன்னைக்கு மீன் கிடையாது சார். ஒரு மாசம் ஃபில்டர் ஓடட்டும். தண்ணி பக்குவமாகணும்." ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரிலிருந்து ஒரு பஞ்சுத் துண்டை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். "இதை உங்க ஃபில்டர்ல வைங்க. இதுல இருக்கற நல்ல கிருமி சீக்கிரம் உங்க தண்ணியிலயும் பிடிச்சுக்கும்."

"ஒண்ணா விடறதுக்கு எந்த மீன் எந்த மீனோட ஒத்துப்போகும்?"

"மூணு பாக்கணும். ஒரே சூடு, ஒரே மாதிரி தண்ணி தாங்கணும். வாலைக் கடிக்கிற ஜாதியா இருக்கக் கூடாது. அப்புறம் வாய். ஒண்ணோட வாய்க்குள்ள இன்னொண்ணு போகும்னா அது கூட்டாளி இல்ல சார், சாப்பாடு."

அவர் அதையெல்லாம் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். ஒரு மாதம் வெறும் தண்ணீர் ஓடியது. "தண்ணிய பாக்கறதுக்குக் குழாயே போதுமே மாப்ள" என்று மாமனார் தினமும் ஒரு தடவையாவது சொன்னார். மாப்பிள்ளையும் தினமும் சிரித்து வைத்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்கள் வந்தன. நடுத்தண்ணீரில் கூட்டமாகத் திரிய பத்து நியான் டெட்ரா. அடியில் மணலைக் கிளற ஆறு கோரி. மேலே தனியாக உலவ, தேன் நிறத்தில் ஒரே ஒரு கௌராமி. ஒன்றின் வழியில் இன்னொன்று வரவில்லை. வேலை விட்டு வந்ததும் தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு அவர் உட்கார்ந்துவிடுவார். அந்த வீட்டில் யாரும் சொல்லாமல் அவராகவே உட்கார எடுத்துக்கொண்ட ஒரே இடம் அது.

இரண்டு வாரம் அப்படிப் போனது. மூன்றாவது வாரம் வேலையிலிருந்து வந்தபோது, தொட்டியின் நடுவில் உள்ளங்கை நீளத்துக்குக் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு மீன் நின்றிருந்தது.

"ஆஸ்கர்!" என்றார் மாமனார். "டிப்போ பக்கத்துல ஒரு கடையில பாத்தேன். உங்க மீனெல்லாம் உங்க கடையில கண்ணாடி வாங்கிப் போட்டாத்தான் தெரியுது. இது பாருங்க, வாசல்லேர்ந்தே தெரியும்."

"மாமா, இது சின்ன மீனைத் தின்னுடும்."

"நாலு நாள்ல பழகிடும் மாப்ள. நீங்க பழகலையா?"

கேலியாகத்தான் சொன்னார்.

காலையில் டெட்ரா ஏழுதான் இருந்தன. "அப்பாகிட்ட நான் பக்குவமா சொல்றேன்" என்றாள் மனைவி. சொல்லவில்லை. மூன்றாம் நாள் நான்கு. மிச்சம் இருந்தவை ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் விரலிடை அகலத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. உணவு போட்டாலும் வெளியே வரவில்லை. கௌராமியின் வால் கிழிந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்க்க அவரால் முடியவில்லை. உள்ளே போய்ப் படுத்தால் சாமான் அறையின் சுவர்கள் நெருங்கி வருவதுபோல் இருந்தது.

நான்காம் நாள் கடைக்கு லீவு சொன்னார். மூடி போட்ட வாளியில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, கடையில் திருப்பிக் கொடுக்கக் கைவலையால் ஆஸ்கரைப் பிடித்தார். கூடமெல்லாம் தண்ணீர். செய்தி பார்த்துக்கொண்டிருந்த மாமனார் எழுந்து வந்தார்.

"என்ன இது? என் வீட்ல, என் தொட்டியில, என்னைக் கேக்காம?"

"உங்க வீடுதான் மாமா. யாரு இல்லைன்னாங்க? அதான் நாங்க கிளம்பறோம்."

சொன்ன பிறகுதான் 'நாங்க' என்று சொன்னது அவருக்கே உறைத்தது. மனைவியை ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. வாளிக்குள் மீன் மூடியை மோதியது.

மாமனார் டிவியை நிறுத்தினார். செய்தி முடியாமல் அவர் நிறுத்தியதே இல்லை.

"உங்கள இருக்கச் சொன்னது யாரு?" என்றார். குரலில் கோபம் இல்லை. "மூணு மாசம்னுதான் நானும் நெனச்சேன். போங்கன்னு சொன்னா பொண்ணு மனசு ஒடஞ்சிடுமேன்னு வாயத் தொறக்கல. நீங்க ரெண்டு பேரும் பூனை மாதிரி நடக்கறதப் பாத்துப் பாத்து, நான் என்னமோ பூதம் மாதிரி எனக்கே தோணுது மாப்ள. சத்தம் போடாதீங்கன்னு ஒருநாள் சொன்னேன். அத நாலு வருஷம் பிடிச்சிட்டு நிக்கறீங்க."

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். "அப்ப நான் யாருக்காக இங்க இருக்கேன்?" என்று கேட்டாள். அவள் துடைப்பத்தை எடுத்து வந்து தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தாள்.

ஆஸ்கர் தொட்டிக்கே திரும்பியது. மிச்சமிருந்த சின்ன மீன்கள் எல்லாம் கடைக்காரம்மாவிடம் போயின. அவள் எண்ணிப் பார்த்துவிட்டுத் தன் தொட்டியில் விட்டாள்.

வீடு கிடைக்க ஐந்து மாதம் ஆனது. எல்லாம் பேசியாகிவிட்டது என்பதால் அந்த ஐந்து மாதம் சுலபமாக இருந்ததா என்றால், இல்லை. அதே சாமான் அறை, அதே பாதிக் கதவு. மனைவி இருவரிடமும் அளந்துதான் பேசினாள். ஒரு நாள் மட்டும், இருட்டில், "என்னைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றாள். "கேட்டிருந்தா நீ வேண்டாம்னிருப்பே" என்றார். "ஆமா" என்றாள்.

சாமான் ஏற்றிய அன்று தலையணைகளை மாமனாரே சுமந்து கீழே கொண்டு வந்தார். வண்டி கிளம்பும்போது ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க மாப்ள" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன் பண்ணிட்டு வாங்க" என்றார்.