கொளஞ்சி ஸ்டேஷன்

2005 மாசி மாதம் முதல் வாரத்தில், உப்பு வாரும் கொளஞ்சி சொன்ன ஒரே ஒரு வாக்கியம் மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய முப்பத்திரண்டு வீட்டு ரேடியோக்களிலும் ஒலிபரப்பாகத் தொடங்கியது. கடல் உள்ளே வந்து பாத்திகளைக் கலைத்துவிட்டுப் போய் இரண்டு மாதம்கூட ஆகாததால் ஜனங்கள் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. முள்ளைச் சென்னைக்குத் திருப்பினாலும் புதுச்சேரிக்குத் திருப்பினாலும் செய்தியும் பாட்டும் அடியில் எங்கோ முனக, மேலே கொளஞ்சியின் குரல் கணீரென்று வந்தது: "இந்த வாசப்படி மிதிச்சே, காலை ஒடிச்சிடுவேன்." கால் நிமிடம் ஓய்வு, மறுபடி அதே வாக்கியம். பெண்கள் ரேடியோவுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். ஒருவர் அண்டாவுக்குள் வைத்துப் பார்த்தார். அண்டாவும் சேர்ந்து பேசியது.

அது அவன் தன் ஒரே மகள் அருள்மொழியிடம் சொன்னது. உப்பு ஏற்ற வந்த லாரி டிரைவர் சித்தார்த்தனைக் கட்டிக்கொண்டு, கழுத்து மாலையோடு ஆசீர்வாதம் வாங்க வாசலில் வந்து நின்றாள். வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவள் திரும்பி நடந்தாள். பிறகு மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றையும் பிரிக்காமல் அடுப்பில் போட்டான். மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதும் அந்த அடுப்பிலேயே எரிந்துபோனது. டிரைவரோ லாரி வேலையை விட்டுவிட்டு எங்கோ போயிருந்தான்.

பஸ் ஸ்டாண்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாலகுருதான் விஷயத்தைக் கண்டுபிடித்தான். "ரேடியோ உள்ள ஒரு கறுப்புக் குச்சி இருக்குதுங்க. அதோட முனை எந்தப் பக்கம் பாக்குதோ, அந்தப் பக்கத்து ஸ்டேஷன் அதுக்குக் காதுல விழாது. கிட்டத்து ஸ்டேஷன் ரொம்பக் கத்துச்சுன்னா முனையை அது பக்கம் காட்டிடணும்." பெட்டியைக் கையில் ஏந்தி மெல்லச் சுற்றினான். குரல் அடங்கிய இடத்தில் நிறுத்திப் பார்த்தால், குச்சியின் முனை நேராகக் கொளஞ்சியின் நெஞ்சைக் காட்டியது. "அண்ணே, ஸ்டேஷனே நீதான்" என்றான். அன்றுமுதல் வெளியூர்க்காரர்கள் கேட்டால், "அதுவா, கொளஞ்சி ஸ்டேஷன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

ஆடியில், கொளஞ்சியின் மனைவி அம்சவள்ளியோடு உப்பு சுமக்கும் லூர்துமேரி, கொளஞ்சி ஸ்டேஷன் எட்டாத இடையஞ்சாவடியில் அக்கா வீட்டுக்குப் போய் வந்து அவளைப் பிடித்து உலுக்கினாள். "உன் பேரு ரேடியோவுல வருதுடீ! ஞாயித்துக்கிழம மத்தியானம், வாழ்த்து சொல்றாங்களே, அதுல." தெற்கே எங்கோ இருந்து ஒலிக்கும் மெலிந்த நிலையம் அது. மரக்காணம் அம்சவள்ளி அம்மாவுக்கு மகள் அருள்மொழியின் அன்பு என்று வாராவாரம் வாசித்தார்கள். ஊர்ப்பெயர் மட்டும் சொல்லவில்லை. அப்பா ஆள் கூட்டிக்கொண்டு வருவார் என்று அந்தப் பெண் பயந்திருக்க வேண்டும்.

கொளஞ்சி அன்று சாப்பிடவில்லை. உப்பளத்துக்குப் போய், "வந்துடு கண்ணு, வந்துடு" என்று தொண்டை கட்டும்வரை கத்தினான். ஒரு ரேடியோவும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கோபத்துக்கு இருந்த பவரில் நூறில் ஒரு பங்கு அவன் பாசத்துக்கு இல்லை. அதை நினைத்து நினைத்து மனுஷன் பாதியாகிப்போனான்.

பாலகுரு வந்து கணக்குப் போட்டான். மகளின் நிலையம் தெற்கே. ஆகவே குச்சியின் முனை தெற்கைப் பார்க்காதபடி ரேடியோ கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். கொளஞ்சி அந்த முனைக்கு நேரே, வீட்டுக்கு மேற்கே இருநூறு கஜம் தள்ளி வரப்பில் அசையாமல் உட்கார வேண்டும். ஓரடி விலகினாலும் குரல் ஏறிவிடும். ஞாயிறு தவறாமல் பன்னிரண்டரை மணிக்கு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தான். அம்சவள்ளி கேட்டாள். முடிந்ததும் வந்து சொன்னாள். மகள் பெயரைக் காதால் கேட்காத ஒரே ஆள் பெற்றவன்தான்.

2006 சித்திரையில் ஒரு ஞாயிறு, அறிவிப்பாளர் வாசிக்கவில்லை. அருள்மொழியே போனில் பேசினாள். "அம்மா, பொண்ணு பொறந்திருக்குது. அப்பாவைக் கூட்டிக்கினு வாம்மா. இனிமே எனக்குப் பயம் இல்ல." அம்சவள்ளி வாசலுக்கு ஓடிவந்து, "ஏங்க! அருளு பேசுதுங்க! அதுவே பேசுது!" என்று கத்திவிட்டாள். அதைக் கேட்டு எந்தத் தகப்பன் உட்கார்ந்திருப்பான்? எழுந்து ஓடினான்.

நேராகப் பாத்தியில் இறங்கி ஓடியிருந்தால் குச்சிமுனையின் கோடு தப்பியிருக்காது என்று பாலகுரு பிறகு சொன்னான். ஆனால் பாத்தியில் உப்பு பூத்திருந்தது. விளைந்த உப்பில் கால் வைப்பது சோற்றில் கால் வைப்பது மாதிரி. நாற்பது வருஷம் உப்பளத்தில் நடந்த கால் யோசிக்காமல் வரப்பிலேயே திரும்பியது. "நாங்க இருக்குற ஊரு…" என்று அருள்மொழி சொல்லிக்கொண்டிருந்தபோது, "காலை ஒடிச்சிடுவேன்" என்றது ரேடியோ.

கொளஞ்சி வாசலில் மூச்சிரைக்க நின்றபோது, அவள் பேசியபின் போட்ட பாட்டும் முடிந்திருந்தது. வேறு யாராவது ஊர்ப்பெயரைக் கேட்டார்களா என்று வானூர் வரை போய் விசாரித்தார்கள். கேட்டவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பாட்டுதான் ஞாபகம் இருந்தது. நிலையத்துக்கு எழுதிப்போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அருள்மொழி சில வாரம் காத்திருந்திருப்பாள். பிறகு அவள் பெயர் வரவில்லை. புரட்டாசியில் அந்த நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். பாலகுரு அதைக் கொளஞ்சியிடம் டீக்கடையில் வைத்துச் சொன்னான். கொளஞ்சி தலையாட்டிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறும் பன்னிரண்டரைக்கு வரப்பில் போய் உட்கார்ந்தான். அம்சவள்ளி ரேடியோவைக் கிழக்கு மேற்காக வைத்தாள். ஒரு மணிக்குக் கூழ் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னா சொல்லுச்சு?" என்று கேட்டான்.

"கொழந்தைக்கு ரெண்டு பல்லு மொளைச்சிருக்குதாங்க."

கொளஞ்சி கூழைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"மேலயா, கீழயா?"

"கீழ."