கைக்குப் புரிந்த பேச்சு

அவனுக்குத் தகரம் என்று பெயர் வைத்ததே நான்தான். தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டின மாதிரி ஒரு தமிழ். எந்த நாட்டிலிருந்தோ வந்து, எங்கள் கட்டட வேலையில் கிரேனுக்குச் சிக்னல்காரனாக நின்றுவிட்டான். ழகரத்தை மென்று துப்புவான். நீட்ட வேண்டியதைக் குறுக்குவான், குறுக்க வேண்டியதை இழு இழு என்று இழுப்பான். இந்தக் கண்றாவியைக் கேட்டுக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் தலையெழுத்து.

கிரேன் ஓட்டுகிறவன் நான். கூண்டிலிருந்து பார்த்தால் ஊரே தெரியும், கட்டடத்தின் பின்பக்கம் மட்டும் தெரியாது. அங்கே சரக்கு இறக்கும்போது கண்ணுக்கு வேலையில்லை, காதுதான் எல்லாம். கீழே நிற்பவன் வாக்கி டாக்கியில் "எறக்கு, எறக்கு, எறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் வாய் நின்றால் என் கொக்கியும் நிற்கும். இதற்கு ஒரு தமிழ் வாய் கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

என் வீட்டில் ஒரு தமிழ் வாய் சும்மாதான் கிடந்தது. என் மச்சினன். சிக்னல் வேலைக்குப் பயிற்சி முடித்துவிட்டு, எங்கள் சோபாவே கதியென்று கிடந்தான். தண்டச்சோறு என்று நான் வாய் தவறிச் சொன்னாலும் என் மனைவிக்குப் பொத்துக்கொண்டு வரும்.

"என் தம்பிக்கு ஒரு வேலை வாங்கித் தரத் துப்பில்ல. பேச்சப் பாரு, பேச்ச!"

ஒழியட்டும் என்று மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

"தகரம் பேசறது ஒரு எழவும் புரியல சார். என்னைக்காவது யார் தலையிலயாவது போட்டுடுவேன். அப்புறம் என்னைக் கேக்காதீங்க. என் மச்சினன் இதுக்குப் பயிற்சி முடிச்சிட்டுச் சும்மாதான் இருக்கான்."

மேனேஜர் ஏசி அறையை விட்டு அசையாத புண்ணியவான். தகரம் வாயைத் திறந்தாலே, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், பக்கத்தில் நிற்பவரிடம் "என்னங்கறான்?" என்று கேட்பார். அவரை நம்பவைப்பது ஒரு பெரிய காரியமா?

"எனக்கும்தான் புரியல" என்றார் சந்தோஷமாக. "உங்க மச்சினனைக் கூட்டிட்டு வாங்க, நிக்கவெச்சுப் பாப்போம். சரியா வந்தா தகரத்தோட சீட்டக் கிழிச்சிடலாம்."

மறுநாள் மச்சினன் மாப்பிள்ளை மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மேனேஜரும் அதிசயமாக ஏசி அறையை விட்டு இறங்கி வந்து நின்றார். தகரத்தை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அவன் கையிலிருந்த வாக்கி டாக்கியை வாங்கிவைக்க அந்த மேனேஜருக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான் அவர் மூளை.

எனக்குத் தெரியாத அந்தப் பின்பக்கத்தில், கொக்கியில் கம்பிக் கட்டு தொங்கியது. "எறக்குங்க மாமா" என்றான் மச்சினன். அப்புறம் மூச்சே இல்லை. நிறுத்தினேன்.

"டேய், விடாம பேசிட்டே இருக்கணும்டா!"

"சரி மாமா, சரி. எறக்கு, எறக்கு, எறக்கு, எறக்கு..."

வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி அடித்துவிட்டான். பரவாயில்லையே, பிழைத்துக்கொள்வான் என்று நானும் இறக்கினேன். வாக்கி டாக்கிப் பொத்தானை ஒருவன் அழுத்தியிருக்கும்வரை இன்னொருவன் குரல் உள்ளே வராது. நடுவில் மூச்சு வாங்க ஒரு நொடி பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். அந்தச் சந்தில் தகரத்தின் குரல் பாய்ந்தது.

"நிறுத்து!"

என்ன உருட்டல், என்ன இழுவை! ஆனால் அவன் சொல்லி முடிப்பதற்குள் என் கை லீவரை இழுத்துவிட்டது. மச்சினன் மறுபடி "எறக்கு, எறக்கு" என்று ஆரம்பித்தான். கை அசையவே இல்லை.

அப்புறம் மேனேஜரின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது. பேசிக்கொண்டே இருக்கச் சொன்னேன் அல்லவா, இந்த முண்டம் கொக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேனேஜரைப் பார்த்துச் சிரித்தபடி பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். கம்பிக் கட்டு அவன் தலைக்கு மேல் ஒரு முழத்தில் நின்றதாம்.

"தகரம் பேசறது புரியலன்னீங்களே?" என்றார் மேனேஜர். அத்தனை பேர் வாக்கி டாக்கியிலும் கேட்டிருக்கும்.

"புரியல சார்." விடுவேனா நான்?

"அப்ப எப்படி நிறுத்துனீங்க?"

"நான் நிறுத்தல சார். கை நிறுத்திடுச்சு."

"உங்க கைக்குப் புரியுதுல்ல, அது போதும். மச்சினனை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

நாள் முழுக்க ஒருத்தன் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசினால், வேண்டாம் என்றாலும் காது பழகிவிடும் போலிருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பழகியிருக்கிறது, துரோகி. மேனேஜருக்கு ஏன் புரியவில்லை என்றால், அவர் கேட்டால்தானே புரியும்?

"அண்ணே, ஆள் வெலகியாச்சு. எறக்கலாமா?" என்றது தகரம். ஒரு சொல் விடாமல் விளங்கித் தொலைத்தது. இறக்கினேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே என் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மச்சினன் பழையபடி சோபாவில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு என்னவோ முணுமுணுத்தான்.

"என்னங்கறான்?" என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வெளிநாட்டுக்காரன் பேச்சு காதுல ஏறுதே, ஒரே வீட்ல இருக்கேன், நான் பேசறத ஒரு நாளாவது மாமா காது குடுத்துக் கேட்டிருக்காரான்னு கேக்கறான்."