மூன்று புள்ளிக்காரன் உயிரோடிருந்தது

அளவெட்டியில் வெங்காயம் செய்கிற சிவகரன் செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்குக் காலமானார். அப்போது அவர் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

செய்தியை வெளியிட்டவர் இளைப்பாறிய தபாலதிபர் நமசிவாயம். 'எங்கடை ஊர்' என்ற இணையத்தளத்தில் உள்ளூரும் வெளிநாடுமாக நாலாயிரம் பேர். மரணச் செய்தியை முதலில் போடுகிறவருக்கு ஐம்பது புள்ளி, வருகிற ஒவ்வோர் அனுதாபத்துக்கும் ஒன்று. நமசிவாயத்திடம் 9,960 இருந்தது. பத்தாயிரம் ஆனால் பெயருக்குப் பக்கத்தில் தங்கத் தூண் ஒன்று முளைக்கும்.

அன்று சிவகரன் வீட்டில் மகள் தர்சிகாவின் கலியாணத்துக்குப் பந்தற்கால் நடுவதாக இருந்தது. வாசல் படலையில் தோரணம் கட்டும் பொறுப்பைக் கொழும்பிலிருந்து வந்த மைத்துனன் சுபாஸ்கரன் ஏற்றான். கட்டினான், தலைகீழாக. செத்த வீட்டுக்குத்தான் அப்படிக் கட்டுவது. சைக்கிளில் போன நமசிவாயம் கண்டார். உள்ளே போய் விசாரித்தால் இரண்டு நிமிடம் போகும். அதற்குள் வேறு யாராவது முந்திவிட்டால்? படலையிலேயே நின்று போட்டார். வீட்டில் வயதில் மூத்தவர் என்பதால் சிவகரனைத் தெரிவுசெய்தார்.

மத்தியானம் லண்டனிலிருந்து சம்பந்தி அருமைநாயகி வீடியோவில் வந்தார். அவர்களுக்கு மறுநாள் விமானம்.

"சம்பந்தி, உங்கடை மறைவு கேட்டு சரியான கவலை," என்றார் சிவகரனிடமே.

"நான் சாகேல்லை. பாருங்கோ, நான்தான் கதைக்கிறன்!"

"முகம் வடிவாத் தெரியுது. ஆனா உங்களுக்கு மூண்டு புள்ளிதானே? செய்தி போட்டவருக்குத் தங்கத் தூணெல்லோ. செத்தவீட்டுத் துடக்கோட முப்பத்தொரு நாளைக்குத் தாலி கட்டேலாது. பெடியனுக்கு ரெண்டு கிழமைதான் லீவு. அவர் மாத்திப் போட்டா வாறம். இல்லாட்டி ரிக்கற்றையும் நிப்பாட்டுறம், கலியாணத்தையும் நிப்பாட்டுறம்."

சிவகரன் தளத்துக்குள் போய்த் தான் உயிரோடிருப்பதாகத் திருத்தம் எழுதினார். திருத்தம் சொல்ல நூறு புள்ளி வேண்டும் என்றது தளம். அவருடைய மூன்றும், வெங்காய இலை ஏன் கருகுகிறது என்று எப்போதோ கேட்டதற்கு யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தவை.

நமசிவாயத்தின் வீட்டுக்கு ஓடினார்.

"வா தம்பி, எத்தினை மணிக்குப் பிரேதம் எடுக்கினம்?"

"அண்ணை, நான் உயிரோட நிக்கிறன்."

நமசிவாயம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "ஓம், நிக்கிறாய். அதில எனக்கு ஒரு மறுப்பும் இல்லை."

"அப்ப அந்தச் செய்தியை எடுத்துவிடுங்கோ."

"எடுத்தாப் புள்ளி போகும், தூண் விழும். முந்நூற்றுப் பன்ரண்டு பேர் அழுதிருக்கினம். அவையின்ரை கண்ணீருக்கு ஒரு மரியாதை இல்லையோ?"

"என்ரை பிள்ளையின்ரை கலியாணம் நிக்கப்போகுது!"

"விளங்குது. நீ கொஞ்சம் வெள்ளன வந்து, சாகேல்லை எண்டு சொல்லியிருக்கலாம்."

சிவகரன் படியில் குந்தினார். வெங்காயத் தரகர்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டிய மூளை மெல்லத் திரும்பியது.

"அண்ணை, செத்தவன் எழும்பின செய்தியை முதல் போடுறவருக்கு எத்தினை புள்ளி?"

நமசிவாயத்தின் விரல் கண்ணாடியில் நின்றது. "உந்தச் செய்தியை இன்னும் ஒருத்தரும் போடேல்லை…"

"வாற வழியில உங்கடை முன்வீட்டு வசந்தினி என்னைக் கண்டவ. போனும் கையிலதான்…"

மிச்சத்தைச் சொல்ல நமசிவாயம் விடவில்லை.

'அதிசயம்! சிவகரன் உயிர்பெற்றார். நேரில் கண்டவர்: நமசிவாயம்.' பொழுதுபடுவதற்குள் தொள்ளாயிரம் பேர் மகிழ்ச்சி தெரிவித்தார்கள். தெல்லிப்பழையில் ஒரு ஞாயிறும் தேவாலயம் தவறாத ஐசாக் மாஸ்டர் மட்டும், மூன்று நாளாவது பொறுத்திருக்கலாம் என்று எழுதினார். அருமைநாயகி விமானம் ஏறினார்.

ஐந்தாம் நாள் தாலி ஏறியது. முன்வரிசையில் நடுக் கதிரை நமசிவாயத்துக்கு. வந்த சனம் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, சிவகரனின் கையைத் தொட்டுச் சூடு பார்த்தது.

அன்று பின்னேரம் சிவகரன், எல்லோருக்கும் உரிமையுள்ள மறுமொழிப் பகுதியில், 'நான் நலமாக இருக்கிறேன், நன்றி' என்று எழுதினார். தகுதியுள்ளவர் ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிச் சொன்ன குற்றத்துக்கு இரண்டு புள்ளி கழித்தார்கள்.

இப்போது அவர் ஒரு புள்ளியோடு உயிர்வாழ்கிறார்.