அங்கி பிரிந்த படம்

படம் வெளியான இரண்டாவது வாரத்திலிருந்து, கடைசிக் காட்சியில் கதாநாயகன் உள்ளாடையோடுதான் செத்தான். முதல் வாரம் முழுக்க, சரிகை வைத்த நீல அங்கியில் கௌரவமாகவே செத்துக்கொண்டிருந்தான். ராஜா காலத்துக் கதை. வருகிறேன் என்று சொன்ன காதலிக்காக ஆற்றங்கரையில் கொட்டுகிற மழையில் நிற்பான். அவளோ பணக்கார மாப்பிள்ளையோடு பல்லக்கேறிவிடுவாள். நனைந்து நனைந்தே இவன் உயிர் போகும். ஊர் இரண்டுபட்டது. பாதிப் பேர் கண் வீங்க வெளியே வந்தார்கள். மீதிப் பேர், குடை இல்லாத குறைக்கு ஒரு சாவா என்று கேட்டார்கள். மருந்துக்கடைக்காரர் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டார். திரும்பத் திரும்பப் போய் அழுத அவர் மனைவி அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். ஆனால் அழுதவர்களும் சிரித்தவர்களும் ஒன்றில் ஒத்துப்போனார்கள்: அவள் நல்ல பெண் இல்லை.

அங்கியைத் தைத்தவள் கடைத்தெருக் கோடியில், சலவைக்கடை மாடியில் குடியிருந்த தையல்காரி. படத்தின் இயக்குநர் பேர் எடுப்பதற்கு முன் அவள் கையால் சாப்பிட்டு, அவள் மெஷின் சத்தத்தில் கதை எழுதியவன். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சொன்ன நாளில், பேருந்து நிலையத்தில் தகரப்பெட்டியோடு மழையில் நின்றது அவள்தான். வராதவன் அவன். தயாரிப்பாளர் மகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அப்போது வேறூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவுக்குக்கூட அவள் இதைச் சொன்னதில்லை. வருடங்கள் போய், அவனுடைய ஆள் அளவுகளோடு வந்தபோது, வேலை வேலைதான் என்று தைத்துக் கொடுத்தாள். கதை என்னவென்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அக்காதான் படம் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள். "வரேன்னு சொல்லிட்டு வராமப் போயிட்டாளே, பாவி! அவ விளங்குவாளா?"

தையல்காரி கையிலிருந்த காஜாவை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குப் போனாள்.

திரையில் மழை பிடித்ததும் எழுந்து திரையருகே போனாள். அவளுடையது சங்கிலித் தையல். முனை கிடைத்தால் அரிசி மூட்டைபோல் அவிழும். நாயகனின் வலக்கை மடிப்பில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பிடித்து இழுத்தாள். வந்தது. கை கழன்றது, தோள் கழன்றது, முதுகு இரண்டாகப் பிரிந்து ஆற்றில் விழுந்தது. சொட்டச் சொட்ட நூலை முழங்கையில் சுற்றிக்கொண்டே இழுத்தாள். டார்ச்லைட்காரர் வந்து, "மறைக்காதீங்கம்மா, பின்னாடி திட்டுறாங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து படம் ஓடிய எல்லா ஊர்களிலும் அப்படித்தான். பத்திரிகை ஒன்று, துறவின் உச்சம் என்று புகழ்ந்தது. மருந்துக்கடைக்காரர் சிரிப்பதற்கென்றே மறுபடி போனார். அழுதவர்களால் அதற்குமேல் அழ முடியவில்லை.

பெட்டியில் பூட்டி வைத்திருந்த அசல் அங்கியும் துண்டு துண்டாகியிருந்தது. வேறு எந்த நூலும் அதில் நிற்கவில்லை. இயக்குநர் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினான்.

"தச்சுக் குடுத்துடு. ஊர் சிரிக்குது. என் மானமே போகுது."

"அன்னைக்கு வராதது யாருன்னு எங்க அக்காகிட்ட சொல்லுங்க" என்றாள்.

தலை குனிந்தபடி சொன்னான். தான் விட்ட சாபம் யார் தலையில் விழுந்திருந்தது என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அழுத கண்ணீரையெல்லாம் திருப்பிக் கேட்கப்போகிறவள்போல் துடைப்பத்தை எடுத்தாள். தையல்காரி தடுத்துவிட்டாள்.

"தைக்கிறேன். ஈர நூல் ஊசியில ஏறாது. காயட்டும். கீழ உட்காருங்க."

கொடியில் கிடந்த நூல் அன்று காயவில்லை. அடுத்த வாரமும் காயவில்லை. கோடை வந்து, துவைத்த துணியெல்லாம் அப்பளமாக விறைத்தபோதும் அது மட்டும் சொட்டியது. மேலே பார்த்து, "காஞ்சுதா?" என்பான். "இன்னும் இல்லை" என்பாள். தயாரிப்பாளர் மகள் அவன் துணிமணிகளைக் கட்டி அனுப்பிவிட்டாள். படம் எல்லா அரங்குகளிலிருந்தும் போனது, அரங்கே கிடங்கானது, அவன் தலை நரைத்தது. அவன் கேட்பதும் நிற்கவில்லை, அவள் ஒருநாளும் முடியாது என்று சொல்லவுமில்லை.

துணி கொடுக்க வருகிறவர்கள், கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பவனைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு மாடி ஏறுகிறார்கள். கொடிக்கடியில் வைத்த வாளி காலைக்கும் மாலைக்கும் நிறைந்துவிடுகிறது. அக்கா அதில்தான் துவைக்கிறாள். நல்ல தண்ணீர், சோப்பு நன்றாக நுரைக்கிறது.